தள்ளாடாத மாப்பிள்ளை

அந்த பாரில் ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒரே ஆள் அவர். அதனாலேயே அங்கே குடிக்கிற அத்தனை பேருக்கும் சட்டம் அவரைப் பொறுப்பாக்கியிருந்தது. வாசலில் உரிம எண்ணுக்குக் கீழே ‘பணியில் உள்ள பொறுப்பாளர்’ என்று ஒரு பலகை; அதில் அவர் பெயர் எழுதிய அட்டை செருகியிருக்கும். அந்த அட்டையை நின்று படித்தவர் யாருமில்லை. உள்ளே போகிறவர்களுக்கு அவசரம். வெளியே வருகிறவர்களுக்கு எழுத்து நகரும். அதனால் வாடிக்கையாளர்கள் தாங்களே அவருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: போதும்.

“போதும் வந்துட்டாரா?”

“இன்னும் வரல. வர்றதுக்குள்ள ஆளுக்கு ரெண்டு சொல்லு.”

அவர் குடிக்காததற்குப் பின்னால் கொள்கை எதுவும் இல்லை. வாலிப வயதில் கிளாஸ் கழுவ வந்து சேர்ந்தவர். பத்து விதமான மிச்சம் ஒரே தொட்டியில் கலந்து எழுப்பும் வாடையில், மனசு யோசிப்பதற்கு முன்பே மூக்கு முடிவெடுத்துவிட்டது. யாராவது அவரை உத்தமர் என்று புகழ்ந்தால் கூச்சத்தில் நெளிவார். அந்த உத்தமத்தால் அவருக்குப் பைசா பிரயோஜனம் இருந்ததில்லை. குடிக்காத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தேடிய பெண்வீட்டார் எல்லோரும், பாரில் வேலை என்று தெரிந்ததும் எழுந்து போனார்கள். அவர் தங்கைக்கு மட்டும் வரன் சட்டென்று அமைந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, பொறுமைசாலி, அதிர்ந்து பேசாத ஆள். குடிக்கிற ஆள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அதையும் முதலில் கண்டுபிடித்தவர் அண்ணன்தான். ஒரு சாயங்காலம் கவுண்டருக்கு எதிரே வந்து உட்கார்ந்து, “மச்சான், ஒரு ரம்” என்றார் மாப்பிள்ளை.

தொழிலில் போதுமுக்கென்று ஒரு கணக்கு உண்டு. அவர் குடிக்கிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் பொய் சொல்லும், அதிலும் குடிகாரன் முகம் சத்தியம் வேறு செய்யும். அவர் பார்ப்பது கிளாஸுக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டையை. நிதானத்தில் இருக்கிறவன் கிளாஸை அட்டையின் நடுவில் வைப்பான். கொஞ்சம் ஏறினால் ஓரத்தில் வைப்பான். அட்டை ஓரிடமும் கிளாஸ் ஓரிடமுமாகப் பிரிந்துவிட்டால், போதும் எழுந்து வருவார். கூடவே தண்ணீர், வேர்க்கடலை, வீட்டுக்கு ஒரு வண்டி. கெஞ்சினாலும் சரி, “நான் யார் தெரியுமா?” என்று எகிறினாலும் சரி, பதில் ஒன்றுதான்: “போதும்.” யார் என்று அந்த ஆளுக்கே நிச்சயமாகத் தெரியாத நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நாகரிகமில்லை என்பது அவர் எண்ணம்.

மாப்பிள்ளையின் கிளாஸ் மட்டும் எப்போதும் நட்டநடுவில் இருக்கும். முதலாவதும் அப்படித்தான், ஏழாவதும் அப்படித்தான். பகலெல்லாம் கண்ணாடி வில்லைகளைப் பிரேமுக்குப் பொருத்தமாகத் தேய்க்கிற கை அது. குடித்துவிட்டு எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பையன் மாதிரி நடந்து போவார். பேச்சிலும் பிசிறு இருக்காது.

“மச்சான், உங்க தங்கச்சி போன் பண்ணா ஒரு கிளாஸ்தான்னு சொல்லுங்க. பொய்யில்ல. கிளாஸ் ஒண்ணுதான், மாத்தவே இல்ல.”

வேறு எந்த பாருக்கும் அவர் போனதில்லை. “மச்சான் இருக்கும்போது வேற இடத்துக்குப் போனா நாலு பேரு உங்களைத் தப்பா நெனைப்பாங்க” என்பார். போதும் இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கவுண்டரைத் துடைப்பார்.

அந்த வருடம் உரிம அலுவலகம் எல்லா பார் பொறுப்பாளர்களையும் ஒரு மண்டபத்துக்கு அழைத்து வகுப்பு நடத்தியது. பாடம் எடுத்த அம்மாள் திரையில் ஐந்து படங்களைக் காட்டினார். நாக்கு குழறுதல், கை நடுக்கம், வியர்வை, கண் சிவப்பு, தள்ளாட்டம். இவற்றில் இரண்டைக் கண்டாலே ஊற்றுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது, அந்த ஆள் பத்திரமாக வீடு போய்ச் சேர வழிசெய்ய வேண்டும். விற்பனை நேரத்தில் பொறுப்பாளர் எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு நகரக் கூடாது. வாய் வாடையைப் பற்றிப் பேச்சே இல்லை. பாரில் நாற்காலிக்கே வாடை இருக்கும் என்று விட்டுவிட்டார்கள் போல.

போதும் கையைத் தூக்கினார். “எவ்வளவு குடிச்சாலும் இதுல ஒண்ணுகூடத் தெரியாத ஆள் இருந்தா என்ன பண்றது மேடம்?”

“தெரியலேன்னா அவர் போதையில இல்லைன்னு அர்த்தம் சார்.”

“பாட்டில் காலியா இருக்குமே.”

“சட்டம் பாட்டிலைப் பார்க்காது. ஆளைத்தான் பார்க்கும்.”

மண்டபம் சிரித்தது. போதுமும் சிரித்தார். சட்டத்தின் கண்ணுக்கு அவருடைய மாப்பிள்ளை நிதானமான மனிதர். கேட்கிற வரைக்கும் ஊற்றலாம்.

தங்கை சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். பாரின் துண்டுகளும் அங்கேதான் வெளுக்கப் போகும். ஒருநாள் கடை திறப்பதற்கு முன்னால், வெளுத்த துண்டுக் கட்டோடு அவளே வந்தாள். கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அண்ணே, ஊருக்கெல்லாம் போதும் போதும்ங்கறே. உன் வீட்டு ஆளுக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில வராதா?”

“அவரு தள்ளாட மாட்டேங்கறாரேம்மா. ஒரு தடவை தள்ளாடினா நிறுத்திடுவேன்.”

“தள்ளாடறதெல்லாம் உள்ள நடக்குதுண்ணே. காலு வீங்கியிருக்கு. கண்ணு மஞ்சளா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, கடையில லீவு குடுக்க மாட்டாங்கங்கறாரு. பொண்ணு இப்பதான் ஹைஸ்கூல் போயிருக்கா. அவ படிச்சு முடிக்கிற வரைக்குமாவது மனுசன் இருக்கணும்ல?”

“நான் குடுக்கலேன்னா வேற இடத்துக்குப் போயிடுவாரு.”

“அதான் சொல்றேன். குடுக்கலேன்னு சொல்லாதே. குடுக்கிற மாதிரி குடு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “சின்ன வயசுல பால்ல தண்ணி கலந்துட்டு எவ்ளோ சாதுவா நிப்பே! எங்கிட்ட மட்டும்தான் ஒத்துக்குவே. அந்தத் திறமையெல்லாம் எங்க போச்சு?”

போதையில் இருப்பவனுக்கு மேலும் ஊற்றுவது சட்டப்படி குற்றம். சரக்கு கேட்டவனிடம் சரக்கு என்று சொல்லி வேறொன்றை நீட்டுவதும் குற்றம். முதல் குற்றத்தைப் போதும் வாழ்நாளில் செய்ததில்லை. இரண்டாவதை அன்று சாயங்காலமே செய்தார். மாப்பிள்ளை வழக்கமாகக் குடிப்பது கோலா கலந்த ரம். முதல் கிளாஸில் உண்மையான ரம் ஊற்றினார். அடுத்ததிலிருந்து வெறும் கோலா; கசப்புக்கு ஏதோ கொஞ்சம்; ரம்மில் தோய்த்த துணியால் கிளாஸின் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தார். மூக்கு முதலில் ஏமாந்தால் நாக்கு பின்னாலேயே போகும் என்பது அவர் அனுபவம்.

மாப்பிள்ளை இரண்டாவதை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வில்லையைப் பார்க்கிற அதே பார்வை.

“என்ன மாப்ள?”

“ஒண்ணுமில்ல மச்சான். இன்னிக்குச் சரக்கு ரொம்ப சாதுவா இருக்கு.”

“புது பேட்ச்.”

“நல்ல பேட்ச்” என்று சொல்லிவிட்டு மீதியைக் குடித்தார். கிளாஸை நட்டநடுவில் வைத்தார்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாள் முதல் கிளாஸையும் போதும் கோலாவாக்கிவிட்டார். ஆரம்பித்ததைச் சுறுசுறுப்பாக முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் சோர்வாக இருந்தார், சீக்கிரமே கிளம்பினார். “நேத்து ராத்திரி தூங்கவே இல்லண்ணே, புரண்டு புரண்டு படுத்தாரு. ஆனா வாடையே இல்ல!” என்று தங்கை போனில் சொன்னபோது அவள் குரலில் கல்யாணத்துக்கு முந்தைய பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். போதும் அன்று பார் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார். சீட்டி அவருக்கு வராது, காற்றுதான் வரும்.

அடுத்த நாள் மத்தியானம், கடை திறந்த கையோடு மாப்பிள்ளை வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் வந்ததே கிடையாது. நாற்காலியில் உட்காரும்போது அது கிறீச்சென்று நகர்ந்தது.

“வேலைக்குப் போகலையா மாப்ள?”

“போனேன் மச்சான். அனுப்பிட்டாங்க. கை நிக்க மாட்டேங்குது. ரெண்டு வில்லை ஓரம் பேந்துடுச்சு. காலையிலேயே போட்டுட்டு வந்தியான்னு கேட்டாரு முதலாளி. இல்லைன்னு சொன்னா நம்பல.”

நாக்கு குழறியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. போதும் ஒரு கிளாஸ் தண்ணீரை அட்டையின் மேல் வைத்தார். மாப்பிள்ளை அதை எடுத்தபோது பாதி கவுண்டரில் சிந்தியது. திரும்ப வைத்தபோது அட்டை எங்கோ இருந்தது, கிளாஸ் எங்கோ இருந்தது.

இத்தனை வருடத்தில் முதல்முறை. ஐந்து படங்களும் ஒரே ஆளில். நம்முடைய கோலாவில் ஏறவில்லை, அதனால் காலையிலேயே வேறு எங்கோ போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று போதும் புரிந்துகொண்டார். கோபம் வந்தது. ஒத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டிய ஒரு நிம்மதியும் வந்தது: கடைசியில் இந்த மனிதர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டார்.

“எங்க குடிச்சீங்க?”

“எங்கயும் குடிக்கல மச்சான். உங்க தங்கச்சி மேல சத்தியம்.”

“சத்தியத்துல அவளை ஏன் இழுக்கறீங்க?”

“ஒண்ணே ஒண்ணு குடுங்க. சரக்காவே குடுங்க. ஒண்ணு உள்ள போனா கை நின்னுடும். திரும்பக் கடைக்குப் போயிடறேன்.”

“போதும் மாப்ள.”

மாப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தார். எகிறவில்லை. மற்றவர்களைப் போல் ‘நான் யார் தெரியுமா’ என்றும் கேட்கவில்லை. “சரி மச்சான்” என்றார். எழுந்தார். நாற்காலியை உள்ளே தள்ள முயன்றார், அது சாய்ந்தது. போதும் அவர் தோளைப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போய், வழக்கமான டாக்ஸிக்காரனைக் கூப்பிட்டார்.

“வீட்டுல தங்கச்சிகிட்ட விட்டுடு. கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”

கூடப் போயிருக்கலாம். ஆனால் விற்பனை நேரம். பொறுப்பாளர் இடத்தை விட்டு நகரக் கூடாது. டாக்ஸி திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினார்.

பாதி வழியில் மாப்பிள்ளைக்கு வலிப்பு வந்தது. டாக்ஸிக்காரன் நல்லவன், வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டான். அங்கே கேட்டதற்குத் தன்னிடம் சொன்னதையே சொன்னான்: பாரிலிருந்து வருகிறார், கொஞ்சம் அதிகமாகிவிட்டதாம். குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வராந்தா உண்டு. தெளிகிறவரை அங்கே படுக்க வைப்பார்கள். படுக்க வைத்தார்கள்.

டாக்ஸிக்காரன் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடிய தங்கையின் போன் வந்தபோது போதும் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இவருக்கு என்ன ஊத்தினே?”

“இன்னிக்கு ஒண்ணுமே குடுக்கலம்மா. வரும்போதே எங்கயோ குடிச்சிட்டு வந்திருந்தாரு. அதான் அனுப்பிட்டேன்.”

“குடிச்சிருக்காருன்னுதான் இங்கயும் சொல்றாங்க. கீழ படுக்க வெச்சிருக்காங்க. உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. அண்ணே, நான் வாய்க்கிட்ட போய்ப் பார்த்தேன். வாடையே இல்லண்ணே.”

போதும் துண்டைக் கீழே போட்டார். மத்தியானம் கவுண்டருக்கு எதிரே, ஒரு முழ தூரத்தில்தான் அந்த முகம் இருந்தது. கிளாஸ் கழுவும் தொட்டியிலேயே பத்து வாடையைப் பிரித்தறிந்த மூக்கு அவருடையது. அவர் முகர்ந்து பார்க்கவே இல்லை. படங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பாரில் நாலைந்து பேர் இருந்தார்கள். எவரிடமும் எதுவும் சொல்லாமல், ஷட்டரைக்கூட இழுக்காமல் வெளியே ஓடினார். “போதும் எங்கய்யா ஓடறாரு?” என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். அவளை வராந்தாவுக்கு வரவழைக்கவே அவர் சத்தம் போட வேண்டியிருந்தது.

“இவரு குடிக்கல டாக்டர். ரெண்டு மூணு நாளா குடிக்கல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் ஊத்தறவன்.” மூச்சு வாங்கியது. “சரக்குன்னு சொல்லி வெறும் கோலா குடுத்துட்டு இருந்தேன். அவருக்குத் தெரியாம.”

பக்கத்தில் தங்கை, சுவரில் கை வைத்து நின்றிருந்தாள்.

டாக்டர் அவரை ஒரு நொடி பார்த்தாள். “எத்தனை வருஷமா குடிக்கிறாரு?”

“பதினஞ்சு இருக்கும். தினம்.”

“அப்படிப்பட்ட உடம்புல ஒரேயடியா நிறுத்தினா இப்படித்தாங்க ஆகும். மருந்தோட, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். யார்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?” அவள் திரும்பி நர்ஸைக் கூப்பிட்டாள், கட்டில் வந்தது, ஊசி வந்தது. ஆனால் மல்லாந்து கிடந்த நேரத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. அடுத்த நாள் மத்தியானம் வரை மூச்சு இருந்தது. பிறகு இல்லை.

பாரிலிருந்து அனுப்பப்பட்ட ஆள் இறந்துபோனதால் உரிம அலுவலகம் விசாரணைக்கு ஒரு அதிகாரியை அனுப்பியது. முதலாளி வேர்த்துப்போய் ஓரமாக நின்றார். அதிகாரி டாக்ஸிக்காரனை விசாரித்தார், அன்று பாரில் இருந்தவர்களை விசாரித்தார். போதையின் அடையாளங்களைக் கண்டதும் போதும் சரக்கை மறுத்திருக்கிறார், தண்ணீர் கொடுத்திருக்கிறார், வண்டி ஏற்பாடு செய்திருக்கிறார். அதிகாரியின் முகம் மலர்ந்தது.

“இவ்வளவு சுத்தமா யாரும் செய்யறதில்ல. நடுவுல கடையை விட்டுப் போனது தப்புதான். சொந்தக்காரர், துக்கம், அதை எழுத மாட்டேன். அடுத்த வகுப்புல உங்களைத்தான் உதாரணமா சொல்லப் போறோம்.”

“சார், நான் ஒரு தப்பு பண்ணேன்” என்றார் போதும். முதலாளி பின்னாலிருந்து கண்ணைக் காட்டியும் நிறுத்தாமல் கோலாக் கதை முழுவதையும் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடினார். “பாருங்க, எங்க சட்டம் சாராயத்துக்குத்தான். நீங்க சொல்ற கிளாஸ்ல சாராயமே இல்லையே. சரக்கை மாத்திக் குடுத்தாங்கன்னு வாடிக்கையாளர் புகார் குடுத்தா அது வேற பிரிவு.” வாடிக்கையாளர் புகார் கொடுக்கக்கூடிய நிலையில் இல்லை என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும், அவசரமாக எழுந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

தண்டனைக்குத் தயாராக வந்தவனைச் சும்மா அனுப்பினால் அவன் எங்கே போவான்? போதும் தங்கை வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. அவள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஆசைப்பட்டுக்கொண்டு படியேறினார். அவள் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஜன்னலோரம் மாப்பிள்ளையின் இரண்டு சட்டைகள் இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“ரெண்டாவது நாளே அவருக்குத் தெரியும்ணே” என்றாள் தங்கை.

“என்னது?”

“நீ கோலா ஊத்தறது. வந்து சொன்னாரு. ‘உங்க அண்ணன் விளிம்புல தடவித் தர்றாரு, பாவம், எவ்ளோ கஷ்டப்படறாரு. நான் கண்டுபிடிச்சதாச் சொல்லிடாதே, மனசு ஒடிஞ்சிடுவாரு’ன்னு சிரிச்சாரு. இப்படியே விட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்னாரு.” அவள் சட்டைகளைப் பார்த்தாள். “அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் சந்தோஷமா சாப்பிட்டோம்.”

‘சரக்காவே குடுங்க’ என்று மாப்பிள்ளை கேட்டது போதுமுக்கு இப்போதுதான் காதில் முழுசாக விழுந்தது. ஏமாந்தவர் கேட்கிற கேள்வி இல்லை அது. விளையாட்டைக் கலைத்துவிட்டு, முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் கேட்டது.

“என்னை ரெண்டு திட்டாவது திட்டும்மா.”

“எந்த வாயால திட்டறது? கலந்து குடுன்னு சொன்ன வாயாலயா?” அவள் குரல் உயரவில்லை. “கோவம் இல்லண்ணே. நீ நல்லதுக்குத்தான் பண்ணே, நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவரும் நல்லதுக்குத்தான் சும்மா இருந்தாரு. ஆனா உன்னைப் பார்த்தா அன்னிக்கு உன் கடையில நான் நின்னு சிரிச்சது ஞாபகம் வருது. கொஞ்ச நாளைக்கு வராதேண்ணே.”

“புள்ளைக்கு...”

“அப்பாவுக்கு வலிப்பு வந்துச்சுன்னு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவ்வளவு தெரிஞ்சா போதாதா? மாமா எங்கேன்னு கேட்டா வேலை ஜாஸ்தின்னு சொல்லிக்கறேன்.”

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரை அவளிடமே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். செருப்பு மாட்டும்வரை கதவைப் பிடித்தபடி நின்றாள். எப்போதும் சொல்கிற ‘பார்த்துப் போண்ணே’யைச் சொல்லக்கூடச் செய்தாள். அவர் இரண்டாவது மாடிக்கு இறங்குவதற்குள் மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கீழ்ப்படியில் பள்ளிக்கூடப் பையோடு அவளுடைய மகள் ஏறி வந்துகொண்டிருந்தாள். “மாமா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?” என்றாள்.

“வேலை ஜாஸ்திம்மா” என்றார் போதும்.